மழை பெய்தால் சம்பளம் இல்லை: நூறு வருட ராட்டினத்தடியில் ஒரு சீசன்

மானாமதுரைப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் நிலமெல்லாம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி பிறந்துவிட்டால் அப்பா வாசலில் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கறுத்துத் திரண்டது கலைந்து போனால், முகம் சுண்டி உள்ளே வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவன் 47 வயதில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு பழைய பொழுதுபோக்குப் பூங்காவின் குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று, "இன்னைக்கு மட்டும் பெஞ்சிடாதே சாமி" என்று நாலு மாதம் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்பா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

என்னைப் போல நடுவயதில், மனைவியின் வேலையை நம்பி இங்கே வந்து சேர்ந்து, "சும்மா இருக்கிறதுக்கு ஒரு சீசன் வேலை பார்ப்போமே" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பூங்காவின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் ஏமாற்றத்தில் பாதிக்குமேல் நானே கணக்குப் போட்டு வரவழைத்துக்கொண்டது.

மனைவி நர்ஸ், அவள் மூலமாகத்தான் எனக்கும் கிரீன் கார்டு. ஊரில் 18 வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியதை விற்றுவிட்டு ஒரு டிசம்பரில் வந்து இறங்கினேன். மூன்று மாதம் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தே போயிற்று. மார்ச்சில் அந்தப் பூங்காவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இருபதே நிமிடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவ்வளவு சுலபமாக ஒரு வேலை கிடைத்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எனக்கோ தலைகால் புரியவில்லை. மணிக்கு 11 டாலர். மே முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் லேபர் டே வரை 17 வாரம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று நானே வைத்துக்கொண்டு பெருக்கினேன். 7,480 டாலர். அன்றைக்கு ராத்திரியே தங்கச்சிக்கு போன் போட்டு, "அம்மா வீட்டு ஓட்டைப் பிரிச்சிட்டுத் தளம் போட்டிரலாம்டி, கொத்தனார்ட்ட பேசி வை" என்றேன்.

அந்தப் பெருக்கலைத்தான் முதலில் செய்யக் கூடாது. இந்த ஊர்ப் பூங்காக்கள் எந்தத் தேதியில் திறப்பார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதெல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே காலண்டராகப் போட்டிருக்கும். நான் டிக்கெட் விலை பார்த்தேனே தவிர காலண்டரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு விடும் ஜூன் வரைக்கும் பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டும்தான். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்ததும் மறுபடி வாரநாட்களில் பூட்டு. முழு வேலை என்று சொல்லத்தக்கது நடுவில் பத்து வாரம்தான். அதிலும் "வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம் உண்டு" என்று எந்தத் தாளிலும் இல்லை. சேரும்போதே கேளுங்கள். போன சீசனில் என் மாதிரி புது ஆளுக்குச் சராசரி எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்வார்கள். இன்னொன்று, விசா. எனக்கு கிரீன் கார்டு இருந்ததால் பிரச்சினை இல்லை. பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் வந்து வேலை அனுமதி அட்டை வாங்காதவர்கள் இதையெல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள். கையில் காசாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி.

இந்தப் பூங்கா எதற்காக ஊருக்கு வெளியே, ஒரு மலைச்சரிவில், ஒன்றுமில்லாத இடத்தில் இருக்கிறது என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது. 1890-களிலும் 1900-களிலும் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் கம்பெனிகள் முளைத்தன. வாரநாளில் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாக ஓடும். மின்சாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் போட்ட பணம் போட்டதுதானே? அதனால் பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஒரு தோப்பை வாங்கி, ராட்டினமும் நடன மேடையும் போட்டார்கள். பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்கா 1898-ல் மோனொங்காஹேலா டிராம் கம்பெனியால் இப்படித்தான் தொடங்கியது. நான் இருந்தது அது இல்லை, ஆனால் பிறந்த கதை ஒன்றுதான். பிறகு கார் வந்தது, டிராம் போயிற்று, 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பெரும்பாலான பூங்காக்களும் போயின. தப்பியவை சிலதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிராமுக்கு ஆள் சேர்க்கக் கட்டிய இடத்திலிருந்து வீட்டுக்குப் போக எனக்கு வண்டி இல்லை. பூங்கா மூடுவது ராத்திரி 10 மணி. ராட்டினத்தைத் துடைத்து, சங்கிலி போட்டு, நேரம் பதிந்து வெளியே வர 10.40. கடைசி பஸ் 9.40. எனக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது, மனைவிக்கு நைட் டியூட்டி. சீசன் முழுக்க 37 தடவை ஊபர் எடுத்திருக்கிறேன். மொத்தம் 629 டாலர். மூன்று மணி நேரம் மழைக்கு ஒதுங்கி நின்று 33 டாலர் சம்பாதித்துவிட்டு, 17 டாலர் கொடுத்து வீடு திரும்பிய ராத்திரிகளும் உண்டு. ஆகஸ்டில்தான் தெரிந்தது, பாப்கார்ன் கடையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார் என்று. பெட்ரோலுக்கு வாரம் பத்து டாலர் கொடு, போதும் என்றார். முதல் வாரமே வாய் திறந்து நாலு பேரிடம் விசாரித்திருந்தால் ஐந்நூறு டாலர் மிஞ்சியிருக்கும். இங்கிலீஷ் பேசக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை அவ்வளவு.

முதல் இரண்டு மாதம் குதிரை ராட்டினம். 1920-களில் செதுக்கிய மரக் குதிரைகள். கண்ணாடிக் கண், சிலதுக்கு நிஜக் குதிரை மயிரில் வால். தினம் காலையில் துணியும் தண்ணீருமாகத் துடைக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெளிவரிசைக் குதிரைக்கு வலது பக்கம் மட்டும் சேணம், பூ, மணி, பிடரிச் சுருள் என்று அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் சும்மா மழித்த மரம். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் வேடிக்கை பார்ப்பவன் கண்ணில் படுவது வலது பக்கம்தான். இங்கிலாந்தில் வலஞ்சுழி, அங்கே அலங்காரம் இடது பக்கம். பார்க்காத பக்கத்துக்கு உளி எடுக்கக்கூட அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் நேரத்தை வீணடிக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய வாத்தியப் பெட்டி. ஓட்டை போட்ட காகிதச் சுருள் உருள உருள குழலும் முரசும் தானாக வாசிக்கும். முதல் நாள் மெய்மறந்து கேட்டேன். நாலாவது நாள் தூக்கத்திலும் அதே பாட்டு. காதுக்கு அடைப்பான் கேட்டால் ஆபீசில் இலவசமாகத் தருவார்கள், கேட்காமல் தரமாட்டார்கள். கேளுங்கள்.

டிக்கெட் வாசலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். ஒரு நாள் இடைவேளையில், "நீ துடைக்கிறாயே இந்தக் குதிரை, இதில் உட்கார என் அம்மாவை விட்டதில்லை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஊரில் பார்க்காததா? இருந்தாலும் அன்றைக்குத் துணி கையில் நின்றுவிட்டது. வாஷிங்டன் பக்கத்தில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கிளென் எக்கோ பூங்காவில் 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்கள் இதே மாதிரிக் குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டோம் என்று கைதானார்கள். அடுத்த வருடம்தான் அங்கே எல்லோரையும் விட்டார்கள். பழைய படங்களில் தெரியும் வெள்ளைச் சட்டைக் கூட்டத்தை அதற்குப் பிறகு என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை.

இனி மழை. வேலைக்குச் சேர்ந்தபோது தந்த தாளில், "வானிலை காரணமாக நேரம் குறைக்கப்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. ஒரு வரிதான். அதற்குள் என் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு ஒளிந்திருந்தது. மின்னல் பக்கத்தில் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். சரி, உயிர் முக்கியம். நின்ற அரைமணியில் கூட்டம் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிவிடும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எனக்கு சூப்பர்வைசர். நல்ல பிள்ளை. போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சிரித்த முகமாகச் சொல்வாள். முதல் தடவை எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏதோ பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டைப் பார்த்தபோது 19 மணி நேரம். ஜூனில் இப்படி இரண்டு வாரம் போயிற்று. அந்தச் சமயம் அம்மா போனில், "இங்கெ ஒரு பொட்டுத் தண்ணி இல்லப்பா, அங்கிட்டு மழையா?" என்று கேட்டாள். ஆமாம்மா, தினம் பெய்யுது என்றேன். "பெய்யட்டும்ப்பா, நல்லாருக்கட்டும்" என்றாள். தளம் போடும் காசு அந்த மழையில்தான் கரைகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

இந்த வம்பு நூறு வருடமாக இருக்கிறது. நியூயார்க்கில் கோனி தீவில் ஸ்டீபிள்சேஸ் பூங்காவை நடத்திய ஜார்ஜ் டில்யூ என்பவர் கெட்டிக்காரர். 1907-ல் பூங்கா எரிந்து சாம்பலானதும், மறுநாளே எரிந்த இடத்தைப் பார்க்க 10 சென்ட் கட்டணம் என்று பலகை வைத்தார். அதைவிடப் பெரிய புத்தி அடுத்ததுதான். திரும்பக் கட்டும்போது இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை போட்ட பெரிய மண்டபம் எழுப்பி, விளையாட்டுகளை உள்ளே கொண்டுவந்துவிட்டார். மழையிலும் வசூல். பக்கத்தில் பத்து லட்சம் பல்பு என்று பெயர் வாங்கிய டிரீம்லேண்ட் 1911 மே 27 அதிகாலை, சீசன் தொடங்கும் தறுவாயில், பழுது பார்க்கும் வேலையின்போது தீப்பிடித்து ஒரே ராத்திரியில் போனது. திரும்பக் கட்டவே இல்லை. அந்த சீசனை நம்பி வந்த டிக்கெட் கிழிப்பவர்களும் யானைப் பாகர்களும் மறுநாள் என்ன செய்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டில்யூவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: வேலை கேட்கும்போது கூரைக்குக் கீழே கேளுங்கள். உள்ளரங்க விளையாட்டு, உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல், கிடங்கு எதுவானாலும் சரி. வெளியே ராட்டினத்தடி பார்க்க அழகு. மழையில் முதலில் அனுப்பப்படுவதும் அங்கே நிற்பவர்கள்தான்.

அமெரிக்கச் சுதந்திர தினம் வரும் ஜூலை 4 வாரத்தில் நிலைமை தலைகீழ். கூட்டம் அலைமோதியது. 54 மணி நேரம் வேலை. அமெரிக்காவில் 40-க்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 14 மணி நேரத்துக்குக் கூடுதலாக 77 டாலர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாக ஒரு தாளை எடுத்துக் காட்டினார். 1938-ல் வந்த தொழிலாளர் ஊதியச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு நிறுவனம் என்றால் மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கட்டாயமில்லை. மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் மாநிலத் தொழிலாளர் துறை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பணம் பெரிதில்லை. ஊருக்கெல்லாம் அப்ளிகேஷன் பூர்த்தி செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரன், என் தாளை நானே படிக்கவில்லையே என்ற வெட்கம்.

ஜூலை நடுவில் மர ரோலர் கோஸ்டருக்கு மாற்றினார்கள். பழைய ஆட்கள் அதைப் பதவி உயர்வு மாதிரி பேசினார்கள். சம்பளம் அதேதான். மேலே ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது பயமுறுத்த வைத்தது இல்லை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் பல்லாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். 1902-ல் கட்டி இன்னும் ஆல்டூனாவில் நிற்கும் லீப்-தி-டிப்ஸ் கோஸ்டரில் வண்டி மேலே எழும்பாமல் பிடிக்க அடிச்சக்கரம்கூடக் கிடையாது. கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-ல் அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமாயின. எங்கள் மெக்கானிக்குகள் தினம் விடியற்காலையில் அந்தப் பாதை முழுவதையும் கால்நடையாக ஏறி, சுத்தியலும் கையுமாக ஆணி ஆணியாகப் பார்த்து இறங்குவார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஏறப் பயம் போய்விட்டது.

நிறுத்துவது கையால். மார்பு உயரத்துக்கு ஒரு நெம்புகோல், பிடி மட்டும் மரம். எத்தனையோ கை பட்டு வழவழவென்று, நம் வீட்டு உலக்கை மாதிரி. இழுத்தால் தண்டவாளத்துக்கு நடுவிலிருக்கும் கட்டைகள் வண்டியின் அடியை உரசிப் பிடிக்கும். கையால் இழுக்க முடியாது, உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டும். கனத்த ஆட்கள் ஏறிய வண்டி ஒரு மாதிரி வரும், பிள்ளைகள் மட்டும் ஏறியது வேறு மாதிரி. பயிற்சியின்போது முதல் காலி வண்டியை நான் நடைமேடை தாண்டி ஓடவிட்டேன். சொல்லிக்கொடுத்தவர், "கண்ணால பார்க்காதே, சத்தத்தைக் கேள்" என்றார். மூன்று நாளில் பிடிபட்டது. அந்த சீசனில் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்த ஒரே விஷயம் அதுதான்.

அங்கேதான் ஒரு நம்மூர்க் குடும்பம் வந்தது. பையன், ஏறுவதற்கு வேண்டிய 42 அங்குல உயரக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கம்மி. என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, தமிழா? நம்ம பிள்ளைதானே, ஒரு தடவை விடுங்கண்ணா" என்றார் தம்பி. முடியாது என்றேன். "இவ்வளவு தூரம் வந்தும் நம்மாளு நம்மாளுக்கு உதவமாட்டான்" என்று பின்னால் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு போனார். ராத்திரி தூக்கம் வரவில்லை. தம்பி, இதைப் படித்தால்: வண்டியில் மடிக்குக் குறுக்கே வரும் பாதுகாப்புக் கம்பி உங்கள் பையனின் இடுப்பைப் பிடிக்காது. அவ்வளவுதான்.

குதிகால் வலி ஜூலை கடைசியில் ஆரம்பித்தது. 25 டாலர் ஷூவில் காங்கிரீட் மேல் பத்து மணி நேரம் நின்றால் வராமல் என்ன செய்யும்? காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடி, ஆணியில் கால் வைத்த மாதிரி. 130 டாலரில் நல்ல ஷூ வாங்கினேன், காலம் கடந்துவிட்டது. நின்று செய்யும் வேலை என்றால் முதல் சம்பளத்துக்கு முன்பே ஷூவுக்குச் செலவழியுங்கள், இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆகஸ்ட் 25-ஆம் தேதி வாக்கில் என்னால் நிற்க முடியவில்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் சொன்னேன். "ஐயோ, போய் ஓய்வெடுங்க, பரவாயில்லை" என்றாள். நானும் பரவாயில்லை என்று போய்விட்டேன்.

பரவாயிருந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு டாலர் போனஸ், லேபர் டே வரை இருப்பவர்களுக்கு மட்டும். நான் 446 மணி நேரம் பார்த்திருந்தேன். பத்து நாள் முன்னால் நின்றதால் 446 டாலரும் போச்சு. டாக்டர் சீட்டை வைத்து ஆபீசில் எழுத்தாகக் கொடுத்திருந்தால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றியிருப்பார்களாம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனது கணக்கில் "வேலையை விட்டவர்" என்று ஏறிவிட்டது. சூப்பர்வைசர் சொல்வது வேறு, ஆபீசில் பதிவாவது வேறு. ஒரு இரண்டு வரி மின்னஞ்சல், தேதியோடு. அது போதும்.

பிடித்தம் போவதற்கு முன் மொத்தச் சம்பளம் 4,906 டாலர். நினைத்ததைவிட 2,574 குறைவு. அதில் வண்டிக்கூலி, ஷூ, டாக்டர் செலவு தனி. தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "விடுண்ணே, ஓட்டை மாத்தி மட்டும் போட்டுக்குவோம்" என்றாள். உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றி அந்த வருடம் ஓட்டினோம். ஐப்பசியில் நல்ல மழையாம், ஒழுகவில்லையாம்.

போன வாரம் பூங்காவிலிருந்து செய்தி வந்தது. புது சீசன், வருகிறீர்களா என்று. லைசென்ஸ் வாங்கிவிட்டேன், குதிகாலும் தேவலை. மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்பினேன். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம், கூரைக்குக் கீழே இடம் உண்டா, உடம்புக்கு முடியாமல் போனால் போனஸ் என்ன ஆகும். முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பதில் வந்தது: கட்டாய மணி நேரம் கிடையாது, உணவுக்கூடத்தில் இடம் இருக்கிறது. மூன்றாவதுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பதில் வராமல் கையெழுத்துப் போடுவதாக இல்லை. ஆனால் கோஸ்டர் நெம்புகோலுக்கு ஆள் கிடைத்துவிட்டார்களா என்று நாலாவதாக ஒரு வரி சேர்த்து எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.